மெத்தைக் கம்பெனிக்காகப் பிரிந்தோம்

நான் ஓய்வு பெற்றவள் என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரியுங்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. வீடியோ போடும் நம் தொழிலில் அது தள்ளாத வயது. என் அப்பா மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் அறுபது வயதுவரை கோப்பு நகர்த்திவிட்டு ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சமோசா கொடுத்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று, "அக்கா, நீங்க ஃபேக்" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே மூல வியாதி மருந்துக்கு ஒரு விளம்பரம் ஓடியது. எனக்கு நடந்த பிரிவுபசார விழா அவ்வளவுதான்.

எந்தக் கேமரா வாங்குவது, எந்த நேரத்தில் வீடியோ போடுவது, தலைப்பில் எத்தனை ஆச்சரியக்குறி வைப்பது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லித் தர இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களில் பாதிப்பேர் வீடியோ போட்டுத் தோற்றவர்கள். மீதிப்பேர் இன்னும் போட ஆரம்பிக்காதவர்கள். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு இதற்கு வரப்போகிறோம் என்று கண்ணில் ஒளியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது என் கதைதான்.

நான் டெல்லியில் மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. என் கணவர் செந்தில் மதுரைக்காரர். குர்கானில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக டெல்லிக்கு வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு முனிர்காவில் மூன்றாவது மாடியில் குடியேறினோம். ஒரு அறை, ஒரு சமையலறை. எதிர்வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம், அவ்வளவு அகலமான சந்து. நான் ஒரு பள்ளியில் ஒப்பந்தத் தமிழ் ஆசிரியை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் முருங்கைக்காய் வாங்கப் போனார். நான் சும்மா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்பதற்குப் பதிலாக, கடைக்காரரைப் பார்த்து "நீங்கள் என்ன விலை?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டார். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அதைப் போட்டோம். ஊரே பார்த்தது. 'டெல்லி குடித்தனம்' சேனல் அப்படித்தான் பிறந்தது.

ஆறேழு மாதத்தில் செந்திலுக்கு ஹிந்தி நன்றாக வந்துவிட்டது. வீடியோவில் வரக்கூடாதே! தப்பு ஹிந்தியை எழுதி வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் பயிற்சி செய்வார். எனக்கும் ஒரு மாற்றம் நடந்தது. வீட்டில் நான் அவரை 'செந்திலு, வாடா சாப்பிட' என்றுதான் கூப்பிடுவேன். கேமரா ஓடினால் 'என்னங்க, சாப்பிட வாங்க'. மதுரையிலும் மலேசியாவிலும் இருந்த அம்மாக்களுக்கு அந்த 'என்னங்க' மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு பேரும் வேலையை விட்டோம். அப்பாவிடம் சொல்லப் போனோம். அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு விசாரணை நடத்தினார்.

"பென்ஷன் உண்டா மாப்ளே?"

"இல்ல மாமா."

"லீவு?"

"லீவு எடுத்தா ஆளுங்க வேற சேனலுக்குப் போயிருவாங்க மாமா."

"அப்பம் மேலதிகாரி யாரு?"

செந்தில் கொஞ்சம் யோசித்தார். "மக்கள்தான் மாமா."

"அத்தன பேருமா?" அப்பாவின் முகத்தில் உண்மையான பரிதாபம் வந்தது. "எனக்கு ஒரே ஒரு அண்டர் செக்ரட்டரி இருந்தான். அவனையே தாங்க முடியலையே!"

நாங்கள் வெளியே வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதையும் ஒரு வீடியோவாக்கினோம்.

எங்களுக்கு விளம்பரம் பிடித்துத் தர குர்கானில் ஓர் ஏஜென்சி கிடைத்தது. அவர்கள் ஒரு ஹோட்டலில் வைத்த விருந்தில், அலங்காரம் பற்றி வீடியோ போடும் ஹரியானாப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிடச் சின்னவள், தொழிலில் பெரியவள். செந்தில் எழுந்து போனதும் என்னிடம் குனிந்து ஹிந்தியில் சொன்னாள்: "வீட்டுல எல்லாத்தையும் காட்டு. ஒரு ரூமை மட்டும் காட்டாத. அங்க போய் நீ உட்காரணும்."

"எங்க வீட்டுல ஒரே ரூம்தான்," என்றேன்.

"அப்போ முதல்ல வீட்டை மாத்து. சம்பாதிச்சு முடிச்ச பிறகு இல்ல. இப்பவே." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் பேர்கூட எனக்கு நினைவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு யாராவது உருப்படியாக ஏதாவது சொன்னார்கள் என்றால் அது அவள்தான். வீடு திரும்பும்போது செந்திலிடம் சொன்னேன். "அவங்க லைட்டிங் எப்படி இருக்கும் தெரியுமா!" என்றார்.

நான்காம் வருடம் பார்வைகள் சரிய ஆரம்பித்தன. செந்தில் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பார்வைக் கணக்கு வரைபடத்தைப் பார்ப்பார். கோடு மேலே போயிருந்தால் எனக்குக் காபி வரும். கீழே இறங்கியிருந்தால் நான்தான் போட வேண்டும்.

ஏஜென்சி மேனேஜர் எங்களைக் கூப்பிட்டான். மேனேஜர் என்றால் மீசை நரைத்தவர் என்று நினைக்காதீர்கள். அந்தப் பையனுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு புரோட்டீன் குப்பி. பேசும்போது அதைக் குலுக்கிக்கொண்டே இருப்பான். என்னை 'பாபி', அதாவது அண்ணி, என்பான்.

"பாபி, ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது," என்றான். "ஜனங்களுக்கு உங்க சந்தோஷம் அலுத்துப் போச்சு."

"அச்சா. அதுக்கு?"

"பிரிஞ்சிடுங்க."

குப்பியைக் குலுக்கினான். பயப்பட வேண்டாம், ஒரு வாரத்துக்குத்தான் என்றான். முதல் வீடியோவில் பிரிகிறோம். அடுத்த வீடியோவில் சேர்கிறோம். அந்த இரண்டாவது வீடியோவுக்கு ஒரு மெத்தைக் கம்பெனி பணம் கொடுக்கிறது. ஊடல் தீர்ந்த தம்பதி புது மெத்தையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: இரண்டாவது வீடியோ வரும்வரை யாரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது. பெற்றவர்களிடம்கூட.

"நான் மாட்டேன்," என்று சொல்ல அங்கே எனக்கு இடம் இருந்தது. செந்தில் என் கையைப் பிடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, கேமரா இல்லாத இடத்தில் பிடித்தார். சரி என்றேன்.

மெத்தை முதலில் வந்துவிட்டது. எங்கள் ஒற்றை அறையில் அதைப் படுக்கப் போட இடமில்லை. பிளாஸ்டிக் உறையோடு சுவரில் சாய்த்து நிறுத்தினோம். அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார் செந்தில். அவரே எழுதிய வசனம். 'சில பாதைகள் சேர்வதில்லை' என்று ஆரம்பித்தது. நான் சொன்னேன். அழுகை வரவில்லை.

"கோமு, கொஞ்சம் அழு."

"வரல."

"நெஜமா ஏதாவது நெனச்சுக்க. எதாச்சும் மனசுல இருக்கும்ல?"

இருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "நான் பேசறது அவருக்குக் கேக்கணும்னா எனக்கு மைக் மாட்டணும். மைக் இல்லாம நான் சொன்ன ஒண்ணும் இந்த நாலு வருஷத்துல அவர் காதுல விழுந்ததில்ல. எனக்குக் கழுத்துல கட்டி வந்துச்சு. டாக்டர்ட்ட தனியாத்தான் போனேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. வந்து அவர்ட்ட சொன்னேன். 'ம்' சொன்னாரு. என்ன சொன்னேன்னு அவருக்கு இன்னிக்கும் தெரியாது."

கண்ணீர் தாரை தாரையாக வந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கேமராவுக்குப் பின்னாலிருந்து செந்திலின் கட்டைவிரல் உயர்ந்தது. "சூப்பர் கோமு! சூப்பர்! அந்தக் கட்டி விஷயம் பிரமாதம், எப்படித் தோணுச்சு? அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிரு. வெளிச்சம் மாறிடுச்சு."

இன்னொரு தடவை சொன்னேன். நல்ல தொழிலாளி நான்.

அந்த வீடியோ எங்கள் வாழ்நாள் சாதனை. முருங்கைக்காயை எங்கேயோ விட்டுவிட்டு ஓடியது. பெண்கள் என் பக்கம், ஆண்கள் அவர் பக்கம், ஜோசியர்கள் இரண்டு பக்கமும். விவாகரத்து வக்கீல்கள் கமெண்டிலேயே போன் நம்பர் போட்டார்கள். ஒரு மாமி, 'மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாளே, அந்த மெத்தை எங்கே வாங்கியது?' என்று கேட்டிருந்தார். மேனேஜர் அந்தக் கேள்விக்கு இதயம் போட்டான். செந்தில் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா போன் செய்யவில்லை. நேரே வந்துவிட்டார். அம்மா போன பிறகு டெல்லி துவாரகாவில் தனியாக இருக்கிறவர், முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். செந்திலை அவர் பார்க்கவே இல்லை.

"ஏட்டி, கழுத்துல கட்டின்னு சொன்னியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா."

"ஒண்ணும் இல்லன்னு தெரியறதுக்கு முன்னால ஏன் சொல்லலன்னு கேக்கேன்."

செந்தில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். சொல்லிவிடாதே, ஒப்பந்தம். நான் சொல்லவில்லை. அப்பா கிளம்பவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் என் மாமியார் மதுரையிலிருந்து வந்து இறங்கினார். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். செந்தில் கூப்பிடப் போனார், செல்ஃபி ஸ்டிக்கோடு. வெளியே வந்த அம்மாவை ஒரு டிராலி மறைத்துவிட்டதாம். திரும்ப உள்ளே போய் வரச் சொன்னார். வாசல் காவலர் விடவில்லை. அதனால் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூண்வரை நடந்து வரச் சொன்னார். அந்த அம்மாள் எதற்கென்று புரியாமல், மகன் சொன்னானே என்று, பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தாயி, எம்மவன் மேல இம்புட்டுக் கொறைய மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கியே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பெத்தது சரியில்ல. அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன்." குனிய ஆரம்பித்தார். என் காலைத் தொடப் போகிறார் என்று புரிந்தது.

அப்பா பதறி எழுந்தார். நான் அத்தையின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் வாசலில் செந்தில். போன் உயர்ந்திருந்தது. நல்ல கோணம்.

எனக்கு ஒப்பந்தம், மெத்தை, மேனேஜர் எல்லாம் ஒரு கணம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இந்தத் தொழிலில் முடிவெடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான், தம்பிகளா, தங்கைகளா. யாரும் உட்கார வைத்து யோசிக்கச் சொல்ல மாட்டார்கள்.

"அத்தை, எல்லாம் நடிப்பு," என்றேன். "நாங்க பிரியல. விளம்பரத்துக்காகச் செஞ்சது. அந்தா நிக்குது பாருங்க, அந்த மெத்தைக்காக."

செந்தில் "கோமு!" என்று கத்தினார். ஆனால் போன் இறங்கவில்லை.

அத்தை மெத்தையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக என்னிடம் கேட்டார்: "அப்ப அந்தக் கட்டி? மைக்கு மாட்டுனாத்தேன் கேக்கும்னியே, அதுவும் நடிப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. வசனமாகச் சொன்னபோது வெளிச்சத்துக்காக இரண்டு தடவை வந்தது, மறுக்க ஒரு தடவைகூட வரவில்லை.

அத்தை திரும்பி மகனைப் பார்த்தார்.

"அதைக் கீழ வைடா."

"அம்மா, இது வந்து..."

"இம்புட்டு தூரம் வானத்துல பறந்து வந்தேன். எம் மூஞ்சிய ஒரு தடவ நேரா பாத்தியாடா நீ? வந்ததுலருந்து அந்தச் சனியன் வழியாத்தான பாக்குற?"

செந்தில் போனை இறக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் வைத்தார், எடுத்தார், கட்டிலில் போட்டார். பிறகு கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. நானும் அதை அப்போதுதான் பார்த்தேன்.

"கட்டி வந்துச்சா உனக்கு? நெசமாவா?" என்று கேட்டார். முழுசாகச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

அத்தை சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டார். அப்பா தன் டீயைக் குடித்துவிட்டு, "மாப்ளே, இந்த மெத்தைய எடுத்தா காத்து வரும்," என்று மட்டும் சொன்னார். அவர் கோபத்தில் அதற்கு மேல் பேசிய சரித்திரம் இல்லை.

விஷயம் அத்தோடு முடியவில்லை. மறுநாள் மேனேஜரிடம் போய், சேரும் வீடியோ கிடையாது என்றேன். குப்பி நின்றது.

"ஏன் பாபி? சண்டையா?"

"தெரியல. இனிமேத்தான் பேசிப் பாக்கணும்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்போ நிஜமாவே பிரியப் போறீங்களா? அரே, அது இன்னும் நல்ல கன்டென்ட்! மெத்தைக்காரங்ககிட்ட நான் பேசறேன். சிங்கிள் சைஸ் போட்டுடலாம்."

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. ரயில் மோதினாலும் அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் அவன் எண்ணுவான்.

வீட்டுக்கு வந்து கடைசி வீடியோவை எடுத்தேன். இசை இல்லை, வசனம் இல்லை, 'என்னங்க' இல்லை. நாங்கள் பிரிகிறோம் என்று சொன்னது விளம்பரத்துக்காகச் சொன்ன பொய்; என் கணவர் என் பேச்சைக் கேட்பதில்லை என்று சொன்னது உண்மை; அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு வேலையில்லை, வணக்கம் என்றேன். செந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு அவரேதான் பொத்தானை அழுத்தினார்.

பொய் சொன்னபோது எங்களுக்காகக் கோயிலில் விளக்கேற்றியவர்கள், உண்மையைச் சொன்னதும் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'நீங்கள் உண்மையாகவே பிரிந்திருந்தால் மன்னித்திருப்பேன்' என்று ஒரு சகோதரி எழுதினார். எங்கள் குடும்பம் உடையாமல் போனதில் அவருக்கு அவ்வளவு ஏமாற்றம். மெத்தைக் கம்பெனி ஆட்கள் வந்து, மூன்று மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்களைத் திட்டிக்கொண்டே மெத்தையை இறக்கிக்கொண்டு போனார்கள். அப்பா சொன்னது சரி. காற்று வந்தது.

பிறகு ஆனந்தமாக வாழ்ந்தோம் என்று எதிர்பார்க்காதீர்கள். ரொம்ப நாள் எங்களுக்குப் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் கேமரா இருந்த மூலையைப் பார்ப்போம். பால் தீர்ந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும், எதிர்வீட்டில் மிளகாய் தாளிக்கிறார்கள். பேச்சு அவ்வளவுதான். செந்தில் கொஞ்ச காலம் ரகசியமாகத் தனி சேனல் நடத்திப் பார்த்தார். அதில் அவர் ஒருவராகச் சமைத்து, ஒருவராகச் சாப்பிட்டு, ஒருவராகப் பாராட்டிக்கொண்டார். நான் கண்டுபிடித்தபோது நடந்த சண்டை பெரியது. அப்பாவிடம் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தேன். இப்போது செந்தில் ஒரு மருத்துவமனைக்குக் கணினி வேலை பார்க்கிறார். நான் மறுபடியும் பள்ளிக்கூடத்தில். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் என் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, இலக்கணம் நடத்தும்போது 'என்னங்க' என்கிறார்கள்.

வேலைக்குப் போங்கள், வீடியோ போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்திலும் நடிக்கத்தான் வேண்டும். அண்டர் செக்ரட்டரி முன்னால் அப்பா நடித்த நடிப்புக்கு எந்தச் சேனலும் ஈடாகாது. ஆனால் அவர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேறு ஆளாக உட்கார்ந்தார். நீங்கள் எத்தனை மணிக்குச் சட்டையைக் கழற்றுவீர்கள் என்பதை வேலையை விடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கழற்றுவதையும் படம் எடுக்கலாமே என்று இப்போதே யாரோ பின்வரிசையில் யோசிப்பது எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு இந்தத் தொழிலில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் எங்களுக்குள் மறுபடி ஒரு சண்டை. எதற்கு என்றுகூட ஞாபகமில்லை. ஜன்னல் திறந்து கிடக்க, சந்து முழுக்கக் கேட்க, கத்தினோம். நடுவில் செந்தில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். இந்தப் பத்து வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே அசலானது அதுதான். அவ்வளவு வேடிக்கை, அவ்வளவு உண்மை. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். அவரும் நிறுத்திவிட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் மனசிலும் ஒரே நினைப்புதான் ஓடியது. இது வீடியோவாகியிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

போன் இரண்டும் சார்ஜில் கிடந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்க உங்களில் பத்துப் பேர் கையைத் தூக்கிவிட்டீர்கள். இறக்குங்கள். சொல்ல மாட்டேன்.